ஏழை உழவனைக் குருவாய்க் கொண்ட கணக்கர் ஜே. சி. குமரப்பா

பொன்விழா மலர் என்றால் பங்கின் பாதுகாவலரைப் பற்றியும், ஆலயம் எழுப்பிய குருக்களைப் பற்றியும், மணி வாங்கிக் கொடுத்த கொடையாளிகளைப் பற்றியும் எழுதுவது மரபு. அவையெல்லாம் இம்மலரின் மற்றப் பக்கங்களில் உள்ளன. இப்பக்கங்களில் நாம் எடுத்துச் சொல்ல விரும்புவது, நம் பங்கையும் சேராத, கத்தோலிக்கத் திருச்சபையையும் சேராத ஒரு கிறிஸ்தவருடைய வாழ்க்கை. பிரிந்த சகோதரரிடம் விளங்கும் நன்மையைக் கண்டு மகிழ இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்துள்ளது. அந்த உரிமையோடு எழுதுகிறோம்.

இவரை ஏன் தேர்ந்தெடுத்தோம்? நம் பங்கு மக்களின் பாட்டனார் காலத்தில் ஏரும் ஏற்றமுமே பிழைப்பு. தந்தையர் காலத்தில் பாதிப்பேர் தோல் ஷாப்புக்குப் போனார்கள். இன்று நம் பெண் பிள்ளைகள் விடியுமுன் ஷூ கம்பெனி பஸ்ஸுக்காகத் தெருமுனையில் நிற்கிறார்கள். வீட்டில் மின்விசிறி உண்டு, மோட்டார் சைக்கிள் உண்டு, கையில் செல்போன் உண்டு. ஆனால் குடிக்கும் தண்ணீர் மட்டும் கேனில் வருகிறது. அதற்குக் காசு கொடுக்கிறோம். நம் ஊர்க் கிணற்றில் பாட்டி இறைத்த தண்ணீர் எங்கே போயிற்று? இந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறவர்களுக்கு ஜே. சி. குமரப்பாவின் வாழ்வு வழிகாட்டும்.

பிறப்பும் படிப்பும்

1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் சாலமோன் துரைசாமி கொர்னேலியுஸ் அரசாங்கத்தின் பொதுப்பணித் துறையில் அலுவலர். தாயார் எஸ்தர் இராஜநாயகம் பக்தி மிகுந்தவர். ஜோசப் செல்லதுரை கொர்னேலியுஸ் என்பதே பிள்ளைக்கு வழங்கிய பெயர். குமரப்பா என்ற குடும்பத்தின் பழந்தமிழ்ப் பெயரைப் பிற்காலத்தில்தான் மீண்டும் ஏற்றுக்கொண்டார்.

இளமையிலேயே இலண்டன் சென்று கணக்குத் தணிக்கையாளர் தேர்வில் தேறினார். முதல் உலகப் போரின் ஆண்டுகளை அங்கேயே கழித்தார். 1919-ல் தாயின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். நடை, உடை, உணவு, பேச்சு எல்லாவற்றிலும் ஆங்கிலேயக் கனவான். பட்டு அங்கியும் கைத்தடியுமாக நடந்த அந்த மனிதர் ஒருநாள் மண்குடிசையில் வாழ்வார் என்று எவர் எண்ணியிருப்பார்?

1927-ல் மேற்படிப்புக்கு அமெரிக்கா சென்றார். சீராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் பயின்று பட்டம் பெற்றபின், நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு ஒரு கோயிலில் இந்தியா ஏன் ஏழை நாடாயிருக்கிறது என்பது பற்றிச் சொற்பொழிவாற்றினார். அச்செய்தி நாளிதழில் வெளிவந்தது. அதைப் படித்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், அதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். அரசாங்கக் கணக்குகளைப் புரட்டப் புரட்ட, உண்மை அவருக்குப் புலனாயிற்று. உழவன் செலுத்தும் வரி அவனுக்கே திரும்பி வருவதில்லை. இராணுவத்துக்கும் உயர் அதிகாரிகளுக்கும் அந்நிய நாட்டுக் கடனுக்குமே போகிறது. இந்தியா சோம்பலால் ஏழையானதன்று, சுரண்டலால் ஏழையானது என்று அந்தக் கணக்கே சாட்சி சொல்லிற்று. மேடைப் பேச்சு அவரைத் தேசபக்தராக்கவில்லை, பேரேடுதான் ஆக்கிற்று.

சாணமிட்ட தரையில்

1929-ல் நாடு திரும்பியவர் தம் ஆராய்ச்சியை அச்சிட விரும்பினார். காந்தியடிகளிடம் காட்டும்படி நண்பர்கள் சொன்னார்கள். மே மாதம் 9-ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார். குறித்த நேரத்துக்குச் சற்று முன்னதாகவே வந்து விட்டதால் ஆற்றங்கரையில் உலவினார். ஒரு மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தரையில், ஒரு முதியவர் இராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். அதை வேடிக்கை பார்த்தபடி கைத்தடியை ஊன்றி நின்றார் குமரப்பா. நேரம் வந்ததும் முதியவர் தம் இடுப்புக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வந்திருப்பவர் குமரப்பாதானா என்று விசாரித்தார். அவரே காந்தியடிகள் என்று உணர்ந்த குமரப்பா, பட்டுடை அழுக்காகுமே என்று பாராமல் அந்தச் சாணத் தரையிலேயே அமர்ந்தார். யாரோ ஓடிச்சென்று நாற்காலி கொண்டு வந்தபோதும் அதை ஏற்கவில்லை. தரையில் அமர்ந்த அந்த மனிதர் அதன்பின் நாற்காலி வாழ்வுக்குத் திரும்பவேயில்லை.

அவருடைய ஆராய்ச்சியைக் காந்தியடிகள் தமது 'யங் இந்தியா' இதழில் தொடராக வெளியிட்டார். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் உள்ள மாத்தர் தாலுக்காவின் கிராமங்களை ஆய்ந்து அறிக்கை தரும் பணியையும் ஒப்படைத்தார். மொழி தெரியாத ஊர். ஆயினும் வித்யாபீட மாணவர்களோடு 50-க்கும் மேற்பட்ட கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கி, வருவாய் என்ன, செலவு என்ன, கடன் என்ன என்று எழுதினார். அதுவரை காகிதத்தில் கண்ட உழவனை அங்கே நேருக்கு நேர் கண்டார். உழைப்பில் குறை வைக்காத அவன் வீட்டில் ஆண்டு முடிவில் மிஞ்சியது கடனே.

1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. காந்தியடிகள் தண்டி நோக்கி நடந்த காலத்தில் 'யங் இந்தியா' இதழின் பொறுப்பைக் குமரப்பா ஏற்றார். 1931-ல் முதன்முறை சிறை சென்றார். அதன்பின் சிறை அவருக்குப் பழகிய இல்லமாயிற்று. அந்நாளில் கிறிஸ்தவத் தலைவர்கள் பலர் அரசாங்கத்தின் பக்கமே நின்றனர். இயேசுவின் வழி அன்பின் வழியாயின் அகிம்சைப் போராட்டத்தைக் கிறிஸ்தவர் ஆதரிக்கவேண்டாமா என்று குமரப்பா கேட்டார். இதனால் ஆங்கிலிக்கன் சபையின் பேராயர் வெஸ்ட்காட் அவர்களோடு எழுத்து மூலம் வாதிடவும் நேர்ந்தது. ஆனாலும் விசுவாசத்தை அவர் கைவிடவில்லை.

மூன்றணாக் கணக்கு

1934 ஜனவரி 15-ல் பீகார் மாநிலத்தைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. நிவாரண நிதியின் கணக்கைக் காக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் ஒருவருக்கு உணவுச் செலவு நாள் ஒன்றுக்கு மூன்றணா என்று வரையறுத்தார். அவ்வேளையில் காந்தியடிகளே தம் குழுவினருடன் பாட்னா வந்தார். அவர்களுடைய பாலுக்கும் பழத்துக்கும் மோட்டார் வண்டியின் பெட்ரோலுக்கும் நிவாரண நிதியிலிருந்து பணம் தர இயலாது என்று குமரப்பா கூறிவிட்டார். அப்பணம் பூகம்பத்தில் வீடிழந்தவனுடையது. யார் வந்தாலும் விதி விதிதான். காந்தியடிகள் மனம் வருந்தவில்லை. அத்தகைய கணக்கரையே அவர் தேடிக் கொண்டிருந்தார். கோயில் பணத்தையும் சபைப் பணத்தையும் கையாளும் நம் பொறுப்பாளர்கள் இந்நிகழ்ச்சியை ஒரு முறைக்கு இருமுறை படிப்பது நலம்.

மகன்வாடியில்

அதே ஆண்டு டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் தொடங்கப்பெற்றது. குமரப்பா அதன் செயலாளரானார். ஜம்னாலால் பஜாஜ் வழங்கிய தோட்டத்தில் அது நிலைகொண்டது. காந்தியடிகளின் உறவினரான காலஞ்சென்ற மகன்லாலின் நினைவாக அத்தோட்டத்துக்கு மகன்வாடி என்று பெயர். அங்கே மரச்செக்கு ஆடிற்று; கைக்குத்தல் அரிசி குத்தப்பட்டது; தேனீ வளர்த்தார்கள்; கழிவுத் துணியிலிருந்தும் புல்லிலிருந்தும் கையால் காகிதம் செய்தார்கள்; பனைவெல்லம் காய்ச்சினார்கள். மண்ணெண்ணெயை நம்பியிராமல் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்னும் விளக்கையும் ஆக்கினார்கள்.

இதைப் பழமைப் பைத்தியம் என்று எண்ணிவிடக் கூடாது. குமரப்பா விஞ்ஞானத்தைப் பகைத்தவர் அல்லர். செக்கையும் உரலையும் காகிதச் சட்டத்தையும் ஆராய்ந்து, குறைந்த உழைப்பில் நிறைந்த பயன் தரும்படி திருத்திக்கொண்டே இருந்தார். கருவி மனிதனுக்கு உதவ வேண்டும். மனிதனை வீதியில் நிறுத்தக் கூடாது என்பதே அவர் அளவுகோல். அரிசி ஆலையை எடுத்துக்கொள்வோம். அது அரிசியைப் பளபளவென்று தீட்டுகிறது. தவிட்டோடு சத்து போகிறது. குத்திப் பிழைத்த பெண்களின் கூலியும் போகிறது. உண்பவனுக்கு நோய், உழைப்பவளுக்குப் பட்டினி. இலாபம் யாருக்கு? ஆலை முதலாளி ஒருவனுக்கு. இப்படித்தான் ஒவ்வொரு சௌகரியத்தின் முன்னும் பேரேட்டை விரித்து, வரவு ஒரு பக்கம் செலவு ஒரு பக்கம் எழுதிக் காட்டினார்.

அச்சங்கம் எடுத்துக்கொண்ட தொழில்களில் தோல் பதனிடுவதும் ஒன்று என்பதை நம் பகுதி மக்கள் அறிந்து கொள்ளவேண்டும். வார்தாவை அடுத்த நால்வாடியில், தாமாகவே இறந்த மாடுகளின் தோலைப் பதனிடும் பட்டறை நடந்தது. தோல் வேலையை இழிவென்று ஒதுக்கிய சமுதாயத்தில், அது அறிவும் திறமையும் வேண்டிய உயர்ந்த தொழில் என்று காட்டினார்கள். ஆகவே, குமரப்பாவின் பெயரைச் சொல்லி எவரும் தோல் தொழிலாளியைத் தாழ்வாகப் பேச முடியாது.

சிறையில் பிறந்த நூல்கள்

வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை ஒட்டி அவர் ஜபல்பூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றியது. இரண்டும் 1945-ல் வெளிவந்தன. காந்தியடிகள் முன்னுரை வழங்கினார். இவை இரண்டு நூல்கள் என்றாலும் உள்ளம் ஒன்றே. நாசரேத்தூர்த் தச்சரின் மகன் கிராமத்தில் வாழ்ந்தவர். விதைப்பவனையும் மேய்ப்பனையும் திராட்சைத் தோட்டக் கூலியாளையும் உவமையாக்கியவர். அனுதின உணவை மட்டும் கேட்கும்படி செபம் கற்பித்தவர். அவரைப் பின்செல்கிறவன் பிறனுடைய நாளைய உணவைப் பறித்துத் தன் களஞ்சியத்தில் சேர்க்கலாமா? ஞாயிற்றுக்கிழமைப் பக்தியும் வாரநாள் வியாபாரமும் வெவ்வேறாய் இருக்க முடியாது என்பதே குமரப்பாவின் கட்சி.

இயற்கையில் ஐந்து வகைப் பொருளாதாரம் உண்டு என்று அவர் விளக்கினார். புலி ஆட்டைக் கொன்று தின்கிறது. அது பிற உயிரை அழித்து வாழும் வழி. குரங்கு மாந்தோப்பில் புகுந்து, நடாததையும் நீர் ஊற்றாததையும் பறித்துத் தின்கிறது. அது கொள்ளையடிக்கும் வழி. தன் உழைப்புக்கு ஏற்பத் தானே பயனடைவது மூன்றாவது. தன் நிலத்தை உழுது விளைவிக்கும் உழவன் இதற்கு எடுத்துக்காட்டு. தேனீ தனக்கென்று சேர்ப்பதில்லை, கூட்டுக்கென்று சேர்க்கிறது, அது நான்காவது. தாய்ப்பறவை கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. அதுவே ஐந்தாவதும் உயர்ந்ததுமான தொண்டின் வழி. புலி நிலையிலிருந்து தாய் நிலைக்கு உயர்வதே நாகரிகம். இயந்திரத்தின் வேகம் நாகரிகமாகாது. சிலுவையை அறிந்த நமக்கு இந்த ஐந்தாவது வழி புதிதன்று.

இன்னொன்றும் சொன்னார். நிலக்கரியும் பெட்ரோலியமும் தொட்டியில் தேக்கிய நீர் போன்றவை. எடுக்க எடுக்கக் குறையும். குறையக் குறையச் சண்டை மூளும். மரமும் பயிரும் மாட்டின் உழைப்பும் ஓடும் ஆறு போன்றவை. முறையோடு எடுத்தால் என்றும் வற்றாதவை. போர்களுக்குக் காரணம் தேடியவர் இதில் வந்து நின்றார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பொருளாதார அறிஞர் ஷூமாக்கர், 1973-ல் வெளியிட்ட உலகப் புகழ்பெற்ற தம் நூலில் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டார்.

குடிசை வாழ்வு

விடுதலைக்குப்பின் குமரப்பாவுக்குப் பதவிகளும் புகழும் கிடைத்திருக்கும். காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி, உழுபவனுக்கே நிலம் சேரவேண்டும் என்று 1949-ல் அறிக்கை தந்தார். அதன்பின் தலைநகரில் தங்கவில்லை. வார்தாவுக்கு அருகே செல்டோ என்னும் சிற்றூரில் பண்ணை ஆசிரமம் அமைத்து, கிராமத்தாரோடு கிராமத்தாராக வாழ்ந்தார். ஊருக்குத் தேவையான தானியம், பருப்பு, எண்ணெய், காய்கறி, பருத்தி எல்லாம் ஊரிலேயே அளவறிந்து விளைய வேண்டும். பணத்துக்காக ஒரே பயிரை விளைத்து, உணவுக்குக் கடைத்தெருவை நம்பக் கூடாது என்பது அவர் திட்டம். ஏர் மாடு, மாட்டு எரு, மாட்டு வண்டி இவற்றைச் சுற்றியே அந்த வாழ்வு அமைந்தது. டிராக்டர் வேகமாய் உழும், ஆனால் சாணி போடுமா என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். சிரிப்புக்காகச் சொன்னதன்று, நிலத்திலிருந்து எடுத்ததை நிலத்துக்குத் திருப்பித் தரவேண்டும் என்னும் கணக்கு அது.

உடல் தளர்ந்த காலத்தில், மதுரைச் சீமையில் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். 1940-ல் கோ. வேங்கடாசலபதி நிறுவிய ஆசிரமம் அது. திருமணம் செய்து கொள்ளாத குமரப்பா அங்கு ஒரு சிறு குடிலில் எளிமையாய் வாழ்ந்தார். உடையோ கதர், அதிலும் வேட்டிக்குத் துணி மிகுதியாகிறது என்று, குறைந்த துணியில் தைத்த ஒரு வகைக் கால்சட்டையைத் தாமே வகுத்து அணிந்தார். நேரம் தவறுவது மட்டும் அவருக்குப் பொறுக்காது. பிறருடைய காலத்தை வீணாக்குவதும் களவே அல்லவா?

அவர் குடிலில் காந்தியடிகளின் படத்தோடு, மெலிந்த ஏழைக் கிராமத்தான் ஒருவனுடைய படமும் இருந்தது. காந்தியடிகள் தம் குரு என்றும், அந்த ஏழையே தம் குருவுக்குக் குரு என்றும் வந்தவர்களுக்கு விளக்குவார். இலண்டனும் நியூயார்க்கும் பட்டம் அளித்த அறிஞர் கடைசிவரை உழவனுக்குச் சீடராகவே இருந்தார். 1960 ஜனவரி 30-ஆம் நாள் சென்னையில் உயிர் நீத்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் காந்தியடிகள் உயிர் துறந்த அதே நாள்.

பாலாறு காட்டும் பேரேடு

இனி நம் வீட்டுக்கு வருவோம். முன்னாளில் நம் பகுதியில் தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டையும் கடுக்காயும். நாள் பல ஆகும். ஆனால் அவை மண்ணில் விளைந்தவை. பின்னர் வெளிநாட்டுச் சந்தைக்காகக் குரோமிய உப்பும் பற்பல இரசாயனங்களும் புகுந்தன. வேகம் கூடிற்று, ஏற்றுமதி கூடிற்று, வாணியம்பாடியும் ஆம்பூரும் பேரணாம்பட்டும் இராணிப்பேட்டையும் உலக வரைபடத்தில் ஏறின. ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. நம் ஆலயத்தின் கல்லிலும் சுண்ணாம்பிலும் அந்தக் கூலியின் வியர்வை கலந்திருக்கிறது. இதை மறந்து பேசுவது நன்றி மறப்பதாகும்.

ஆனால் பேரேட்டுக்கு மறுபக்கமும் உண்டு. 1996 ஆகஸ்டு 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. இத்தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வை அத்தீர்ப்பு குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியையும் உறுதிப்படுத்தியது. பாலாற்றைப் பற்றி உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க வேண்டி வந்தது 2025 ஜனவரி 30-ல். குமரப்பா மறைந்த அதே தேதி. தோலுக்கு விலை குறித்தபோது, கெட்டுப்போன கிணற்றையும் பட்டுப்போன தென்னையையும் எவரும் செலவில் எழுதவில்லை. எழுதாமல் விட்ட செலவை ஏழை உழவன் கட்டினான். இதைத்தான் குமரப்பா வாழ்நாளெல்லாம் சுட்டிக் காட்டினார்.

நாம் செய்யக்கூடியது

அப்படியானால் தோல் ஷாப்பை மூடிவிட்டு மாட்டு வண்டி ஏறவேண்டுமா? நாம் அப்படிச் சொல்லவில்லை. கூலியை நம்பி வாழும் வீட்டாரிடம் அப்படிச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. குமரப்பாவும் பிறர்மேல் எளிமையைச் சுமத்தவில்லை. தாம் முதலில் தரையில் அமர்ந்தார். அவர் நமக்கு விட்டுச் சென்றது ஒரு கேள்வி: நான் அனுபவிக்கும் இந்தச் சௌகரியத்துக்கு வேறு யார் விலை கொடுக்கிறார்?

இக்கேள்வியைத் தொழில் நடத்துவோர் கேட்டால் கழிவுநீரை இரவில் திறந்துவிட மாட்டார். தொழிற்சங்கத்தார் கேட்டால் கூலியோடு நல்ல தண்ணீரையும் கோரிக்கையில் சேர்ப்பார். விவசாயம் செய்வோர் கேட்டால், அண்டை நிலத்தாருக்கும் நிலத்தடி நீர் வேண்டுமே என்று எண்ணிக் கிணற்றை மேலும் மேலும் ஆழப்படுத்த மாட்டார். இல்லத் தலைவிகள் கேட்டால், திருமண விருந்தில் பிளாஸ்டிக் தாள் விரிக்காமல் வாழையிலை வாங்குவார்கள். நம்மூர்ச் செக்கு எண்ணெயையும் கேழ்வரகையும் மறக்கமாட்டார்கள். பங்கு நிர்வாகம் கேட்டால் திருவிழாவின் சீரியல் விளக்குச் செலவில் ஒரு பங்கு ஏரிக்கரையில் மரமாய் நிற்கும்.

நம் திருச்சபையும் இதையே போதிக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட சுற்றுமடல், பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் பிரித்துக் கேட்கக் கூடாது என்று வலியுறுத்தியது. நம் பகுதிக்கும் எளிய வாழ்வு புதியதன்று. 1921-லேயே திருப்பத்தூரில் மருத்துவர்கள் ஜேசுதாசனும் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமம் அமைத்துக் கதருடுத்தி ஏழைகளிடையே பணிபுரிந்தனர். உழவர்களின் பாதுகாவலரான புனித இசிதோர் ஸ்பெயின் நாட்டில் பிறன் நிலத்தில் கூலிக்கு உழுதவரே.

பொன்விழா ஆண்டு பழைய ஏற்பாட்டின் யூபிலியை நமக்கு நினைவூட்டுகிறது. அவ்வாண்டில் நிலத்துக்கு ஓய்வு. இழந்தவனுக்கு அவன் காணி திரும்பக் கிடைக்கும். நாமும் பாலாற்றுக்கும் அதன் கரை உழவனுக்கும் திருப்பித் தரவேண்டிய கடன் இருக்கிறது. ஒரே நாளில் தீராத கடன்தான். ஆயினும் கணக்கை மறைக்காமல் எழுதத் தொடங்குவோம். எல்லாம் வல்ல இறைவன் நம் பங்கையும், நம் நிலத்தையும், நம் நீரையும் ஆசீர்வதிப்பாராக.